அப்பா விசாரித்த வேலைகள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான காலையில் அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். இலங்கைத்துறையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒழுங்காக வராது. கிணற்றடிக்குப் போய், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்தேன். கணிதப் பிரிவு. மூன்று பாடங்களும் சித்தி. இரண்டில் சாதாரண சித்தி, ஒன்றில் மட்டும் திறமைச் சித்தி. பொறியியல் பீடத்து வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் அது வராது என்று பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

"பாஸ்தானே மகள்?" என்று அம்மா குசினி வாசலில் நின்று கேட்டா.

"பாஸ்தான் அம்மா. ஆனா கம்பஸ் கிடைக்காது."

அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. பாஸ் பண்ணிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் எப்படி இடமில்லாமல் போகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டா. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு இல்லை என்பதால் திருகோணமலை நகரத்தில் மாமி வீட்டில் நின்று படித்தேன். நான் இஞ்சினியராகத்தான் திரும்பி வருவேன் என்று ஊரில் பாதிப் பேர் முடிவுகட்டியிருந்தார்கள். அவர்களை விட உறுதியாக நானே முடிவுகட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்கள் நான் அறையை விட்டு வரவில்லை. சித்தி போன் எடுத்து, இன்னொரு தரம் எழுதச் சொன்னா. பெரியப்பா நேரில் வந்து, பாக்குச் சீவிக்கொண்டே, "பொம்பிளைப் பிள்ளை படிச்சது காணும். நல்ல இடம் ஒண்டு இருக்குது" என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டபடி வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். படிப்பு விஷயத்தில் தனக்குக் கதைக்க ஒன்றுமில்லை என்று ஒதுங்கி இருப்பவர். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் அவர் என் அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"கம்பஸ் கிடைக்காத பிள்ளைகள் எல்லாம் என்ன செய்யுதுகள்?"

"தெரியாது அப்பா."

"எனக்கும் தெரியாது. அப்ப நாளைக்கு ரவுணுக்குப் போய்க் கேப்பம்."

"ஆரிட்டக் கேக்கிறது?"

"வேலை செய்யிற ஆக்களிட்டத்தான். வேற ஆரிட்ட?"

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற காற்சட்டையையும் சேட்டையும் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார். மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி, பஸ் நிலையத்தில் இறங்கும் வரைக்கும் அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே எப்போதும் நிழலில் படுத்திருக்கும் நகரத்து மான்களைச் சுற்றிக்கொண்டு நேரே தான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குள் போனார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"பிள்ளை, குறை நினைக்க வேண்டாம். இந்த வேலைக்கு நீங்கள் என்ன படிச்சனீங்கள்?"

அந்தப் பெண் முதலில் ஏதோ முறைப்பாடு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தா. அப்பா என்னைக் காட்டி, "என்ர மகள். ஏ.எல். பாஸ் பண்ணிட்டா. கம்பஸ் கிடைக்கேல்ல. அடுத்து என்ன எண்டு எங்களுக்குத் தெரியாது. அதுதான் கேக்கிறன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் சிரித்துவிட்டு, தான் கலைப் பிரிவில் படித்தது, வங்கிப் பரீட்சை எழுதியது, வேலைக்கு வந்த பிறகும் படித்துக்கொண்டே பதவி உயர்வு எடுத்தது எல்லாவற்றையும் சொன்னா. காசு எண்ணும் மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஒரு ஐயா பொறுமை இழந்து இருமினார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, "உங்கட வேலை என்ன ஐயா?" என்று கேட்டார். அந்த மனிதர் காணி அளக்கும் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை மணித்தியாலம் எங்களோடு வாசலில் நின்று கதைத்தார்.

அப்படியே தொடங்கியது. அடுத்து ஒரு அரச கந்தோர். வாசலில் நின்ற காவலாளி, "இங்க வேலை ஒண்டும் இல்லை, போங்கோ" என்றார்.

"வேலை கேட்டு வரேல்லத் தம்பி. வேலையைப் பற்றிக் கேட்க வந்தனான்" என்றார் அப்பா.

காவலாளிக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். உள்ளே விட்டார். உள்ளே இருந்த அதிகாரிக்கோ அது எரிச்சலாக இருந்தது. "இது விளையாட்டு இடமில்லை. எனக்கு வேலை கிடக்கு" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். அப்பா, "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மரத்தடியில் நின்று இரண்டு றோல்ஸ் வாங்கி ஒன்றை எனக்குத் தந்தார். நான் அதைப் பேப்பரோடு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த மனுசனுக்கு அந்த வேலை பிடிக்கேல்லப் போல. அதுவும் நாங்கள் தெரிஞ்சுகொள்ள வேண்டிய விஷயம்தான்."

அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பெறுபேறு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகும் பல நாட்கள் போனோம். கடல் நல்லாக இருக்கிற நாட்களில் வலை போட்டு வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, குளித்து வெளிக்கிடுவார். ஆஸ்பத்திரியில் தேநீருக்கு வந்த ஒரு தாதியிடம் கேட்டார். அவ தாதியர் பயிற்சியைப் பற்றியும், முதல்முதலாக விபத்துப் பகுதியில் நின்ற நாளைப் பற்றியும் சொன்னா. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ரத்தம் பார்ப்பியோ மகள்?"

"ஏலாது அப்பா."

"அப்ப அது வேண்டாம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. துறைமுகப் பக்கம் கப்பலுக்கு வெல்டிங் செய்கிறவரிடமும், கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த டீச்சரிடமும், கணினிக் கடை வைத்திருந்தவரிடமும் இதே மாதிரித்தான் கதை கேட்டார். சிலர் தங்கள் வேலையைப் புகழ்ந்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒருவர், யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லித் தேநீர் வாங்கித் தந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு வெக்கமா இல்லையோ அப்பா? தெரியாத ஆக்களிட்ட எல்லாம் போய்..."

"மீன் எங்க நிக்குது எண்டு மற்ற வள்ளத்துக்காரனிட்ட நான் கேக்கிறதில்லையோ?"

"அவங்கள் உண்மை சொல்லுவாங்களோ?"

"சொல்ல மாட்டாங்கள். ஆனா சொல்லுற பொய்யிலயும் கொஞ்சம் விஷயம் இருக்கும்."

கொஞ்சத் தூரம் போன பிறகு, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவரே தொடர்ந்தார். எட்டாம் வகுப்பில் அவருக்குக் கணக்கு நல்லாக வந்ததாம். விடுதி உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்க்கலாம் என்று அப்போதைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். "என்ர அப்பாவுக்கு எங்க போறது, ஆரைக் கேக்கிறது எண்டு தெரியேல்ல. கேட்கவும் பயம். அடுத்த வருசம் பாப்பம் எண்டார். அடுத்த வருசம் நாங்கள் ஊரிலயே இல்லை." சண்டைக் கால இடப்பெயர்வைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். கோபமாகவோ கவலையாகவோ சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது போலச் சொன்னார். ஆனால் அந்தப் பஸ்ஸில்தான் அப்பாவை முதல் தடவையாக ஒரு மாணவனாக நான் நினைத்துப் பார்த்தேன்.

பிறகு அந்த மருந்துக் கடை நாள் வந்தது. அம்மாவின் பிரஷர் குளிசை வாங்கப் போயிருந்தோம். கடைக்குள் ஏசி வேலை செய்யவில்லை. பின் ஒழுங்கையில், சுவரில் பொருத்தியிருந்த வெளி மெஷினைத் திருத்த ஒருவர் ஏணியில் ஏறி நின்றார். அப்பாவின் வயதுக்குச் சற்றுக் குறைந்தவர். அந்த ஒழுங்கை நிலம் சரிவு. ஏணி ஆடுவதைக் கண்டு அப்பா போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளைக்கோ கேக்கிறீங்கள்?" ஏணியில் நின்றவர் கீழே என்னைப் பார்த்தார். "பொம்பிளைப் பிள்ளைகள் இதுக்கு வாறது குறைவு அண்ணன். ஆனா வரக்கூடாது எண்டு ஒண்டும் இல்லை. தங்கச்சி என்ன படிச்சது?"

"மட்ஸ்" என்றேன்.

"அப்ப இஞ்ச பாருங்கோ."

அவர் மெஷினோடு பொருத்தியிருந்த ஒரு கருவியைக் கீழே தெரியும்படி திருப்பிப் பிடித்தார். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்றாக இரண்டு வட்ட மானிகள். நீல மானியின் முள் கீழே இறங்கிக் கிடந்தது. அதற்குரிய அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு, அதனால் குழாய்க்குள் இருக்கும் திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் தலைக்குள் ஏதோ திறந்தது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். கொதிக்கும்போது வெப்பத்தை உறிஞ்சும். தன் மறைவெப்பம். பரீட்சைக்காகப் பக்கம் பக்கமாக நான் செய்து பார்த்த கணக்குகள் ஒரு மருந்துக் கடையின் பின்சுவரில், உறைபனி படிந்த செப்புக் குழாயாக என் முன்னால் நின்றன.

"காஸ் எங்கயோ ஒழுகுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எங்க எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டு ஒரு கோப்பையில் சவர்க்காரம் கலக்கச் சொன்னார். நான் கலக்கிக் கொடுத்தேன். மூட்டுகளில் தடவிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நுரை மெதுவாக ஊதிப் பெருத்தது. நான் அதைப் பார்த்துக் கத்தியே விட்டேன். பிறகு அந்தக் குழாயை எப்படி ஒட்டுவது, ஏன் ஒட்டுவதற்கு முன் காஸை எடுக்க வேண்டும், இதை எங்கே படிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே போனேன். நகரத்திலேயே தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் கற்கை இருக்கிறது, அரசாங்கச் சான்றிதழ், படிப்படியாக மேலே போய்ப் பட்டம் வரைக்கும் படிக்கலாம் என்றார். "வேலைக்கு ஆள் காணாது தங்கச்சி. மீன் இருக்கிற இடத்தில ஐஸ் வேணும். ஹோட்டலுக்கு ஏசி வேணும். ஆஸ்பத்திரிக்கு மருந்து வைக்கக் குளிரறை வேணும்."

அவ்வளவு நேரமும் அப்பா ஏணியைப் பிடித்தபடி நின்றார். தெருவுக்கு வந்த பிறகுதான் சொன்னார்: "இண்டைக்குத்தான் நீ கேள்வி கேட்டாய்."

வீட்டில் அம்மா சம்மதிக்கவில்லை. இவ்வளவு படித்த பிள்ளை கையில் ஸ்பானரோடு திரிவதா என்று இரண்டு நாள் அழுதா. "ஏணியில ஏறி நிக்கப் போறாளோ?" என்று கேட்டா.

"நான் தோணியில நிக்கிறதை விட ஏணி நிலையானது" என்றார் அப்பா. அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டா. அதற்குப் பிறகு முழுமனதோடு எதிர்க்க அவவால் ஏலாமல் போய்விட்டது.

அந்தக் கல்லூரியில் குளிரூட்டல் கற்கைக்கு எடுத்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். நேர்முகத்தில் இது கஷ்டமான வேலை என்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். உண்மையில் தெரிந்திருக்கவில்லை. செப்புக் குழாயை நெருப்பில் ஒட்டப் பழகும்போது விரல் சுட்டது. நான் ஒட்டிய முதல் மூட்டுகள் எல்லாம் சவர்க்காரத் தண்ணீருக்குள் குமிழ் விட்டன. பயிற்சிக்காகக் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்குப் போனபோது, நான் கருவிப் பெட்டியோடு நிற்கவும் ஒரு விருந்தாளி, அறை துப்புரவாக்குகிற பிள்ளை என்று நினைத்து, என்னிடம் குளிக்கத் துவாய் கேட்டார். துவாயையும் கொண்டுவந்து கொடுத்து, அவருடைய அறை ஏசியையும் திருத்திக் கொடுத்தேன். அவர் போகும்போது கை கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் குளிரறைகளையும் தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிகளையும் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாவட்டம் முழுக்கப் போக வேண்டும். ஈச்சிலம்பற்றுச் சிகிச்சை நிலையத்துப் பெட்டி ஒருநாள் பழுதாகி, நான் அங்கே போய்த் திருத்திக்கொண்டிருந்தபோது, ஊசி போடக் குழந்தையோடு வந்திருந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, "இது எங்கட பிள்ளை" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. வார இறுதிகளில் அடுத்த படிக்கான டிப்ளோமாவும் படிக்கிறேன். பொறியியலை நான் விட்டுவிடவில்லை. வேறு வாசலால் அதற்குள் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் வேலையைப் பற்றி மட்டும் இல்லை. எனக்கு வேலை கிடைத்த பிறகும் அப்பா விசாரிப்பதை நிறுத்தவில்லை. அது அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. பெறுபேறு வருகிற காலத்தில், கரையில் வலை வைக்கும் வாடிக்குப் பெற்றோர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். முதலில் எங்கள் ஊரில் இருந்து, பிறகு வெருகல் பக்கமிருந்து. மூதூரில் இருந்து ஒரு முஸ்லிம் தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டே அப்பா அவருக்கு ஒவ்வொரு படிப்புக்கும் என்ன தகுதி, அது எத்தனை வருசம், எங்கே இருக்கிறது என்று விளக்கினார். கடைசியில் அந்தப் பையனிடம், "நான் சொன்னதை நம்பாத தம்பி. அந்த வேலை செய்யிற ஆளைக் காட்டுறன். நீயே கேள்" என்றார். அவர் யாருக்கும் இதைப் படி, அதைப் படி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆளைக் காட்டுவார். கூடப் போவார். கேள்வி கேட்கப் பயந்து நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று முதல் கேள்வியைத் தான் கேட்பார். அந்தத் தகப்பன் இப்போதும் நோன்பு காலத்தில் எங்களுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்புகிறார். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே, "நானா அனுப்பினவர்" என்று அப்பா வாளியைப் பெருமையாக உள்ளே கொண்டு வருவார்.

அண்மையில் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து ஒரு தாய் மகளோடு வந்தா. நெல் விதைக்கிற குடும்பம். அந்தப் பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்திருந்தது. அப்பா எழும்பி நின்று கை கொடுத்தார். ஆனால் பிள்ளை தலை குனிந்து நின்றது. அதற்கு விவசாயம் படிக்கத்தான் விருப்பமாம்.

"நீங்கள்தான் இவளுக்குப் புத்தி சொல்ல வேணும் அண்ணன்" என்றா தாய். "ஆக்கள் தவம் கிடக்கிற படிப்பு. வேண்டாம் எண்டு நிக்கிறாள்."

அப்பா அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "எனக்கு டொக்டர் வேலையும் தெரியாது, விவசாயப் படிப்பும் தெரியாது. ரெண்டு பேரையும் போய்க் கேப்பம்" என்றார்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போன பஸ்ஸிலேயே அவர்கள் மூவரும் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்த்து முடியும் வரை காத்திருந்து, ஒரு இளம் பெண் டொக்டரைப் பிடித்திருக்கிறார்கள். அந்த டொக்டர் இரவு வேலை முடிந்து களைத்துப்போய் இருந்தாவாம். கன்ரீனில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் கதைத்தாவாம். நித்திரை இல்லாதது, காப்பாற்ற ஏலாமல் போன ஆட்கள், வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதது எல்லாம். தாயின் முகம் வாடிப்போய்விட்டதாம். பின்னேரம் வயல் வேலை பார்க்கும் ஒரு விவசாய அதிகாரியிடமும் போனார்கள். அவரும் தன் பங்குக்கு நல்லதும் கெட்டதும் சொன்னார்.

அந்தப் பிள்ளை மருத்துவத்தைத்தான் எடுத்தது. அந்த டொக்டர் கதைத்த மாதிரித் தன்னிடம் யாரும் அந்த வேலையைப் பற்றிக் கதைத்ததில்லை, டொக்டர் என்றால் மரியாதையும் காரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அதுதான் வேண்டாம் என்று நின்றதாகவும், உண்மையான வேலையைக் கேட்ட பிறகுதான் விருப்பம் வந்ததாகவும் தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

கம்பஸுக்குப் போவதற்கு முன் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாய் ஒரு பை நிறையப் புது அரிசி கொண்டு வந்து, "நீங்கள் சொன்னபடியால்தான்" என்று அப்பாவின் கையைப் பிடித்தா.

"நான் ஒண்டும் சொல்லேல்லத் தங்கச்சி" என்றார் அப்பா. அவவுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்க விருப்பமில்லை. அம்மா எல்லோருக்கும் தேநீர் போட்டா. அப்பா கரைக்குப் போய், அன்று பட்ட மீனில் நல்ல பாரை ஒன்றாகத் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் மணக்காமல் இருக்க நான் அதை ஐஸ் போட்டு, இரண்டு பைக்குள் இறுக்கிக் கட்டி அவர்கள் கையில் கொடுத்தேன்.